பானட்டுல தெரிஞ்ச மூக்குத்தி

எனக்கு எழுத்து தெரியாதுங்க. நான் வாயால சொல்றன், மருமக எழுதறா. நான் சொன்னதத்தான் எழுதறாளா, இல்ல அவளுக்கு வேண்டியத எழுதிக்கறாளான்னு எனக்கு ஒரு சந்தேகம். அதுக்குத்தான் சாயங்காலம் மவன் வந்ததும் படிச்சிக் காட்டச் சொல்றது. அவன் படிக்கறதுலயும் சந்தேகம் இருக்குது. பொண்டாட்டியப் பத்தி வர்ற எடம் வந்தா கொரல எறக்கிடறான். போவட்டும்.

சந்தேகப்படறதுன்னா எனக்கு அவ்ளோ பிரியங்க. பால்காரரு ஊத்தும்போது செம்புக்குள்ள எட்டிப் பாப்பன். தக்காளி வாங்குனா கூடைய அடியோட கவுத்துப் பாப்பன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த பொம்பள தூங்கறாளா, தூங்கறாப்புல நடிக்கறாளான்னு பாத்துக்கினே போனா பாப்பிரெட்டிப்பட்டி வந்ததே தெரியாது. மத்தவங்களுக்கு டிவி இருக்குது, எனக்கு இது.

இப்ப நான் சொல்ல வந்தது கார் மெழுகப் பத்தி.

என் மருமக கார் ஓட்டறா. முன்ன ஓசூர்ல ஒரு கம்பெனில இருந்தா. ஆஸ்டல்ல தங்கிக்கினு எப்பவாவது ஒரு ஞாயித்துக்கெழம வருவா. வந்த கையோட துணி தொவைப்பா, தூங்குவா, போயிடுவா. மவன் இங்க பட்டுப்பூச்சி வளக்கறான். பூச்சிய வுட்டுட்டு அவன் நகர முடியாது, வேலைய வுட்டுட்டு அவ வர முடியாது. கல்யாணம் ஆனது ரெண்டு பேருக்கு, வூட்ல இருந்தது நானும் அவனும். அப்புறம் அவளே வண்டி ஓட்டக் கத்துக்கினு, செகண்ட்ல ஒரு செவப்புக் கார் வாங்கி, வாடகைக்கு ஓட்ட ஆரம்பிச்சா. ஒரு கல்யாண மண்டபத்துல இவ வண்டியத்தான் கூப்புடுவாங்க. பொண்ணழைப்புக்கு பொம்பள ஓட்டற வண்டின்னா பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு ஒரு நிம்மதி பாருங்க. அந்த மண்டபம்தான் அவளுக்குச் சோறு. அது போச்சின்னா மறுபடி ஓசூர்தான், ஆஸ்டல்தான்.

வண்டிய நிறுத்தறது வூட்டுக்கு எதுர்ல வேப்ப மரத்தடில. தகரம் போட்ட நெழல பூச்சிங்க எடுத்துக்கிச்சி. காலைல நெழலு, மதியானம் வெயிலு. செவப்பு வெளுத்து வெளுத்து, வேர்வைல கலைஞ்ச குங்குமம் ஆயிப்போச்சி.

ஐப்பசில ஒரு நாளு மண்டபத்து மேனேஜரு சொல்லிட்டாரு. "ஏம்மா, போட்டோல வண்டி நல்லா வரலன்னு சொல்றாங்க. தை மொத முகூர்த்தத்துக்குப் பாப்பன். பளபளன்னு வந்தா வா. இல்லன்னா நான் வேற வண்டி சொல்லிக்கறன், தப்பா நெனைக்காத."

அவ வூட்டுக்கு வந்தா. நேரா பரண் மேல கெடந்த ஆஸ்டல் பைய எறக்கி, தூசி தட்டி, ஆணில மாட்டுனா. நான் பாத்துட்டன். பாத்தும் பாக்காதவ மாதிரி அவரக்கா உரிச்சிக்கினு இருந்தன்.

மார்கழி பொறந்துச்சி. மார்கழில கல்யாணம் கெடையாது, வண்டி சும்மாதான் நிக்கும். மொத வாரம் மவன் சொன்னான், "அம்மா, நாளைக்கு வண்டிய மெழுகணுமாம். நீ கொஞ்சம் கூடமாட இரு."

மெழுகறதுன்னா எனக்குச் சொல்லணுமா? விடிய எழுந்து, வாசல் தெளிச்சி, நல்ல பசுஞ்சாணியா பாத்து பக்கெட்டுல கரைச்சி, பொடவைய இடுப்புல சொருவிக்கினு வண்டிகிட்ட போயி நின்னன். எனக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சி. செவுத்துக்கு மெழுகுனா வூடு குளுந்து போவுது, வண்டிக்கு மெழுகுனா வெயிலு தாங்கும், பயபுள்ளைங்க யோசிச்சிதான் இருக்காங்கன்னு நெனச்சன். மருமக வெளிய வந்தா.

"அத்த, என்னங்க இது பக்கெட்டுல?"

"மெழுகறதுக்கு."

"எத?"

"ஒன் வண்டியதான். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது, மேலேர்ந்தா?"

அவ அப்படியே தரைல உக்காந்துட்டா. சிரிக்கறா சிரிக்கறா, கண்ணுல தண்ணி வருது. "மெழுகறது இல்லீங்க அத்த. மெழுகு! வாக்ஸ்! தேய்ச்சா பளபளன்னு வரும்." ஐப்பசிக்கு அப்புறம் அவ சிரிச்சது அன்னிக்குத்தான். அதனால எனக்குக் கோவம் வரல. சாணியக் கொண்டு போயி வாசல்லயே மெழுகிட்டன், வீணா போவலாமா?

மெழுகு வாங்க அவகூட நானும் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனன். வண்டி சாமான் விக்கற பாய் கட. பாயி ஒரு மஞ்ச டப்பாவ எடுத்துத் தொறந்தாரு. உள்ள கெட்டியா, ஒறஞ்ச நெய்யாட்டம். மோந்து பாத்தன். பழ வாசமும் சீமெண்ண வாசமும் சேந்து வருது.

"ஆயா, இது கையால தேய்க்கற மெழுகு. கை வலிக்கும். ஆனா மினுமினுப்புன்னா இதுதான்."

"ஏன் பாயி, இத ஒங்க வண்டிக்குப் போடறீங்களா?"

கட வாசல்ல அவரு மொபெட்டு நிக்குது. தூசி அப்பி, என்ன கலர்னே தெரியல.

"என் வண்டி பாவம் ஆயா. அது மூட்ட சொமக்கற கழுத. ஒங்க மருமக வண்டி கல்யாணக் குதிர. குதிரைக்குத்தான் அலங்காரம்."

பேச்சு இவ்ளோ இனிப்பா வந்தா எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். "இவரு கழுதைக்கே போடாதத நம்ம தலைல கட்டறாரு"ன்னு மருமக காதுல சொன்னன். பாயிக்கு அது கேட்டுடுச்சி. சிரிச்சிக்கினே இன்னொரு டப்பா எடுத்து வச்சாரு. "மெழுகு வெளுத்தத மறைக்காது ஆயா. மொதல்ல இந்தப் பாலீஷ் பசைய வச்சி மேல செத்துப்போன பெயிண்ட தேய்ச்சி எடுங்க. அப்பறம்தான் மெழுகு. வெயில்ல செய்யாதீங்க, மெல்லிசாப் போடுங்க, காய வுட்டுடாதீங்க."

மருமக அதோட நிக்கல. போன்ல பாத்து ஒரு பாட்டில் வேற வரவச்சா. பொட்டி பெருசு, உள்ள பாட்டில் சின்னது. பீச்சித் தொடைக்கறதாம், செராமிக்காம். நம்ம பாத்ரூம்ல ஒட்டுன கல்லுக்கும் அதான பேரு? கல்ல எப்படி தண்ணியாக் கரைச்சி பாட்டில்ல ஊத்துவாங்கன்னு கேட்டன். "அது வேற, இது வேறங்க அத்த"ன்னா. வேறன்னா பேரு மட்டும் எதுக்கு ஒண்ணா வைக்கறான்?

எனக்குப் பாய் டப்பா மேலயும் நம்பிக்க இல்ல, போன் பாட்டில் மேலயும் இல்ல. என்கிட்ட ஒரு மெழுகு இருந்துச்சி. சித்தேரி மலைலேர்ந்து என் நாத்தனாரு எப்பவும் தேன்மெழுகு கொண்டாந்து குடுப்பா. குதிகால் வெடிப்புக்கு அத வுட்டா மருந்து கெடையாது. சுருக்குப் பைல வெத்தல பாக்கோட ஒரு துண்டு எப்பவும் கெடக்கும். அதுல கொஞ்சம் ஒடச்சி வெளக்கெண்ணெ வுட்டு உருக்குனன். கமகமன்னு வாசம். "இதையும் போட்டுப் பாப்பம். எது நிக்குது, எது பளபளக்குது, எது கைக்குச் சுளுவுன்னு வண்டியே சொல்லட்டும்"னன். மருமக சரின்னுட்டா.

மொதல்ல பாயி சொன்ன பசைய வச்சி பானட்ட தேய்ச்சா. துணி செவசெவன்னு வருது. "அடியே, பெயிண்டே வருதுடி! பாயி நம்ம வண்டிய உரிக்கச் சொல்லி இருக்காரு!" அவ தண்ணி ஊத்திக் கழுவிக் காட்டுனா. அடில புது செவப்பு, பழுத்த மொளகாயாட்டம். ஆனாலும் இன்னொரு தரம் தேய்ச்சா தகரம் வந்துடும்னு துணியப் புடுங்கி வச்சிக்கினன்.

பானட்ட டேப்பு ஒட்டி மூணு பங்கு பிரிச்சா. வூட்டுப் பக்கம் பாய் மெழுகு, நடுவுல போன் பாட்டிலு, மரத்துப் பக்கம் என்னுது.

பாட்டில் வேல நான் முந்தானைய சரி பண்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. பீச்சுனா, தொடச்சா, அவ்ளோதான். இவ்ளோ சுளுவா முடியற வேலைய நான் நம்பறதில்லீங்க. என்னுதயும் தடவிட்டன். பாய் மெழுகுலதான் வந்துச்சி வென. அதுக்கு ஒரு கத சொல்லணும்.

மருமக பொறந்தது கர்நாடகா எல்லை ஓரம். அவங்க வூட்ல கன்னடமும் பேசுவாங்க. கல்யாணமான புதுசுல சோறு போட்டன். "சாக்கு அத்த, சாக்கு"ன்னா. நான் எழுந்து போயி பரண்லேர்ந்து நல்ல சாக்கா ஒண்ணு தேடி எடுத்தாந்து குடுத்தன். புதுப்பொண்ணு சாப்புடும்போது எதுக்கு சாக்கு கேக்கறா, வயித்துக்குப் போட்டது போவ மீதிய மூட்ட கட்டி அம்மா வூட்டுக்கு அனுப்பப் போறாளோன்னு அன்னிக்கே ஒரு சந்தேகம். அவங்க பாஷைல சாக்குன்னா போதும்னு அர்த்தமாம். அதுலேர்ந்து அவ சாக்குன்னா நான் கரண்டிய வச்சிடுவன். நல்லாப் பழகிடுச்சி.

இப்ப பாய் மெழுக அவ பூசி முடிக்கறா, போன் அடிக்குது. பேசிக்கினே மல்பெரி தோட்டத்துப் பக்கம் போயிட்டா. நான் துணிய வச்சிக்கினு தொடைக்கலாம்னு நிக்கறன். வெயிலு மரத்தச் சுத்தி வந்து பானட்டு மேல உழுந்துச்சி. அவ அங்கேர்ந்து கையக் கையக் காட்டி "அத்த, சாக்கு! சாக்கு!"ன்னு கத்தறா. போதும்னு சொல்றா போலன்னு துணிய மடிச்சி வச்சிட்டு உள்ள போயி காப்பித் தண்ணி வச்சி, ஆற வச்சி, ரெண்டு முறுக்கும் தின்னுட்டு வந்தன்.

வந்து பாத்தா அவ தலைல கைய வச்சிக்கினு நிக்கறா. பாய் மெழுகு வெள்ள வெள்ளன்னு சுண்ணாம்பாட்டம் காஞ்சி கெடக்குது.

"வெயில் வருது, மரத்துல சாக்கு கட்டுங்கன்னு கத்துனனே அத்த!"

"நீ சாக்குன்னா போதும்னுதான அர்த்தம்?"

"அது சோத்துலங்க! இது நெச சாக்கு!"

"எந்தச் சாக்கு எந்தச் சாக்குன்னு சொல்லிட்டுக் கத்து. நான் என்ன ரெண்டு பாஷைக்கும் காவலா?"

ரெண்டு பேரும் சேந்து அத தேய்ச்சி எடுக்கறதுக்குள்ள தோள்பட்ட கழண்டுபோச்சி. பாய் மெழுகு கைக்குக் கஷ்டம்னு நான் அன்னிக்கே தீர்ப்பு சொன்னன். மருமக ஒத்துக்கல. "நம்ம தப்புக்கு அதக் கொற சொல்லக் கூடாதுங்க அத்த. மரத்தடில மெல்லிசா ஒரு தரம் போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னா. கதவு ஓரத்துல அவ அப்படிப் போட்டுக் காட்டுனா, சுளுவாத்தான் வந்துச்சி. இருந்தாலும் நான் தீர்ப்ப மாத்தல.

பளபளப்பு பாக்க நான் ஒரு வழி வச்சிருந்தன். குனிஞ்சி என் மூக்குத்தி தெரியுதான்னு பாக்கறது. பாய் மெழுகுல மூக்குத்தி தெரிஞ்சிது, கொஞ்சம் மஞ்ச பூசிக் குளிச்ச மொகமாட்டம், நல்லா களையா இருந்தன். போன் பாட்டில்ல மூக்குத்தி, அது மேல இருக்கற கல்லு, மேலுதட்டு முடி மொதக்கொண்டு தெரிஞ்சிது. அது எனக்குப் புடிக்கல. என்னுதுல மூக்கு தெரிஞ்சிது, மூக்குத்தி தெரியல. கண்ணு மங்கிப்போச்சி, அதான்னு சொல்லிட்டன்.

மார்கழி பனி எறங்குச்சி. காலைல பாத்தா பாட்டில் பக்கம் சேப்பங்கெழங்கு எலைல தண்ணி உருளுமே, அப்படி முத்து முத்தா நிக்குது. தட்டுனா ஓடுது. பாய் பக்கமும் முத்துதான், கொஞ்சம் சப்பட்ட. மெழுகே போடாத வண்டிக் கூரைல பனி நனச்சி கோடு கோடா எறங்குது. காக்கா எச்சம் போட்டா இந்த ரெண்டு பங்குலயும் ஈரத்துணில ஒரு இழுப்பு, போயிடும். கூரைல தேமலாட்டம் தடம் நிக்கும். சரி, மெழுகுக்கு ஏதோ சக்தி இருக்குதுன்னு அங்கதான் லேசா நம்புனன்.

அந்த நேரம் பாத்து பக்கத்துல ரோட்டு மேல கேவுறு கதிரப் போட்டு அடிக்க ஆரம்பிச்சாங்க. தூசின்னா தூசி. சாயங்காலம் பாத்தா என் பங்கு மேல மொழ கனத்துக்கு ஒட்டிக்கினு கெடக்கும். ராத்திரி கவலையாப் படுப்பன். காலைல எழுந்து வந்து பாத்தா என் பங்கு மட்டும் கண்ணாடி! மத்த ரெண்டும் லேசா தூசி படிஞ்சி கெடக்குது, என்னுது ஜொலிக்குது.

எனக்கு வந்த சந்தோஷத்தச் சொல்லி முடியாது. பால்காரரக் கூப்புட்டுக் காட்டுனன். கேவுறு அடிக்கற பொம்பளைங்களக் கூப்புட்டுக் காட்டுனன். "மலத் தேன்மெழுகுங்க. தூசிய அதுவே தின்னுடும்"னன். ஒருத்தி வாயப் பொத்திக்கினு சிரிச்சா. அவளுக்குப் பொறாமன்னு நெனச்சன்.

ஆனா இந்த மனசு இருக்குது பாருங்க, அது என்னையே வுடல. மெழுகு எங்கயாவது தூசியத் தின்னுமா? நான் ஜெயிக்கறது எனக்கே சந்தேகமா இருந்துச்சி. யாரோ என்னமோ செய்யறாங்க. ஒரு நாளு சாயங்காலம் கோலமாவ எடுத்து என் பங்கு ஓரமா, கண்ணுக்குத் தெரியாம, மயிரெழை கனத்துக்கு ஒரு கோடு இழுத்து வச்சன். மறுநா பாத்தா கோடு அழிஞ்சி கெடக்குது. அதுக்கு அடுத்த நாளு வாசல் தெளிக்கற நேரத்துக்கு முன்னாடியே எழுந்து மரத்துக்குப் பின்னால நின்னுக்கினன்.

மருமக வந்தா. லேசா வெளுக்கற நேரம், கைல துணி. சத்தம் இல்லாம என் பங்க மட்டும் தொடைக்கறா. அதுலயும் என் வெளக்கெண்ணெ தூசியோட கலந்து பிசினாட்டம் இழுக்குது. பல்லக் கடிச்சிக்கினு தேய்க்கறா. நடுநடுவுல கைய ஒதறறா, ஏன்னு பாத்தா தேனீ. மெழுகு வாசத்துக்கு வந்து மொய்க்குது!

"அடி கள்ளி"ன்னன்.

அவ தூக்கிவாரிப் போட்டுத் திரும்புனா. "அத்த! நீங்க என்னங்க மரத்துக்குப் பின்னால?"

"நீ என்ன பண்ற என் பங்குல?"

தலையக் குனிஞ்சிக்கினா. "பால்காரருகிட்ட அவ்ளோ பெருமையா சொல்லிட்டீங்க. காலைல வந்து பாத்து மொகம் வாடிடுமேன்னு..."

எனக்கு சிரிக்கறதா திட்டறதான்னு தெரியல. மாமியார ஏமாத்தறதுக்கு இப்படி விடியக்காலைல எழுந்து பாடுபடற மருமகள நான் கேள்விப்பட்டதில்லீங்க. இத எழுதும்போது கூட சிரிக்கறா பாருங்க. "ஒனக்கு தை மாசம் தலைக்கு மேல நிக்குது, நீ எனக்கு தூசி தொடச்சிக்கினு இருக்கியா? என்னுதக் கழுவித் தள்ளுடி"ன்னன். அன்னிக்கே சீயக்கா போட்டுக் கழுவித் தள்ளுனம். தேனீ ரெண்டு நாளு வந்து தேடிட்டுப் போச்சி.

மாசக் கடசிக்குள்ள பல தரம் வண்டியக் கழுவியாச்சி. பாய் பக்கம் முத்து வர வர சோம்பேறி ஆயிடுச்சி, படுத்துக்கினுச்சி. பாட்டில் பக்கம் மொத நாளு மாதிரியே உருளுது. களைன்னா பாய் மெழுகு, நிக்கறதுன்னா பாட்டிலு, சுளுவுன்னாலும் பாட்டிலு. எனக்கு மனசே இல்ல, ஆனா ஒத்துக்கினன். முழு வண்டியும் பசை போட்டுத் தேய்ச்சி, பாட்டில் பீச்சித் தொடச்சா. செவப்பு எங்க ஒளிஞ்சிக்கினு இருந்துச்சோ, வந்துடுச்சி. மவன் பூச்சி வூட்டுக்குள்ளேர்ந்து தலைய நீட்டி, "வாசம் இந்தப் பக்கம் வருது, பூச்சிக்கு ஆவாது"ன்னு கத்துனவன், வெளிய வந்து பாத்துட்டு போன எடுத்து போட்டோ புடிச்சான்.

தை மொத முகூர்த்தம். காலைல மாப்பிள்ளய கோயில்லேர்ந்து மண்டபத்துக்குக் கூட்டியாரணும். அதுக்கு முன்னாடி பாப்பிரெட்டிப்பட்டில ஒரு பூக்கடைல வண்டிக்கு அலங்காரம். நானும் பின்னால ஏறிக்கினன். பூக்காரரு வாடுன பூவ உள்ள வச்சி சுத்திடுவாருன்னு ஒரு நெனப்பு.

பூக்காரரு ரோஜாவும் சாமந்தியும் எடுத்து, டேப்ப கிழிச்சி பானட்டு மேல ஒட்டுனாரு. உழுந்துடுச்சி. இன்னொரு தரம் அழுத்தி ஒட்டுனாரு. பூவு மெதுவா வழுக்கிக்கினு போயி கீழ உக்காந்துக்கிச்சி. கதவுல ஒட்டுனாரு, அதுவும் அப்படித்தான்.

"என்னம்மா பூசி வச்சிருக்க? எண்ணெ வச்ச நெத்தில பொட்டு ஒட்டற மாதிரி இருக்குது!"

மாப்பிள்ள வூட்டுக்காரங்க போன் மேல போன் அடிக்கறாங்க. பூவு இல்லாம மாப்பிள்ள கார் போவ முடியுமா? அந்த மேனேஜரு முன்னால மொட்ட வண்டியக் கொண்டு போயி நிறுத்தறதா?

"ஒண்ணும் கவலப்படாத"ன்னு பூக்காரரு உள்ள போயி ஒரு கேனு எடுத்தாந்தாரு. "தின்னர் வச்சி மேல இருக்கறத ஒரு தொட தொடச்சிட்டா டேப்பு கல்லு மாதிரி ஒட்டும்."

மருமக துணிய வாங்கக் கைய நீட்டிட்டா. அவசரம் பாருங்க. நான் கதவத் தொறந்துக்கினு குதிச்சன்.

"இருங்க! அது பெயிண்ட்டத் தின்னுமா, தின்னாதா?"

"லேசா மங்கும், தெரியாது பாட்டிம்மா."

"முன்ன எல்லாம் வண்டிக்கு டேப்பு ஒட்டுனது யாரு?"

"நான்தான்."

"பிச்சி எடுத்து பிசினத் தொடச்சது?"

"அதுவும் நான்தான், இதே தின்னர வச்சி."

"வெயிலு மட்டுமே வெளுக்கலடி"ன்னு மருமகளப் பாத்து சொன்னன். சந்தேகப்படறவளுக்கு என்னிக்காவது ஒரு நாளு சந்தேகம் பலிக்கும், அன்னிக்கு எனக்குப் பலிச்சிது. பூக்காரரு கேன கீழ வச்சிட்டாரு. கோவப்படல, "கேட்டா நியாயமாத்தான் இருக்குது"ன்னாரு.

ஆனா நியாயம் பூவ ஒட்டுமா? மருமகதான் சொன்னா. "சரமாக் கட்டிடலாமா? பானட்டத் தொறந்து நூல உள்ள வுட்டு மூடிடலாம். கதவுலயும் அப்படியே." பூக்காரரு நூல இழுத்துப் பாத்தாரு. "காத்துல இந்த நூலு நிக்காதும்மா. வழுக்கும், இல்லன்னா அறுந்துடும். செருப்பு தைக்கறவங்க நூலா இருந்தாலாவது பரவால்ல."

செருப்பு தைக்கறவரு நூலு ஏன் அறாது? மெழுகு போடறாரு. என் கை தன்னாலயே சுருக்குப் பைக்குள்ள போச்சி. வெத்தலைக்கும் பாக்குக்கும் நடுவுல துண்டு கெடந்துச்சி. நூல அது மேல வச்சி அழுத்தி இழுத்தன். கரகரன்னு புடிக்குது. முடிச்சி போட்டா நகர மாட்டேங்குது. பூக்காரரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மூணாவதா கடைல பூ கட்டற ஒரு பொம்பள. பூவ சரஞ்சரமாக் கட்டி, பானட்டு மேல குறுக்கால இழுத்து, உள்ள சொருவி, டப்புன்னு மூடுனம்.

"அத்த, சாக்கு"ன்னா மருமக. எந்தச் சாக்குன்னு கேக்கல. கைய எடுத்துட்டு ஏறிக்கினன்.

மண்டபத்து வாசல்ல மாப்பிள்ள எறங்குனதும் மேளம் அடிச்சாங்க. ஒரு பூவு நகரல. மேனேஜரு மாப்பிள்ளையப் பாக்கல, வண்டியச் சுத்தி வந்தாரு. வெரலால கதவத் தடவுனாரு. வெரலப் பாத்தாரு. ஆஹா, நம்ம ஆளுதான்னு நெனச்சிக்கினன்.

"புது பெயிண்டா அடிச்சீங்க?"

"இல்லீங்க சார், அதே பெயிண்டுதான்"னா மருமக.

அவரு நம்பல. "டேப்பக் காணோம்? பூவு எப்படி நிக்குது?"

அவ சொல்ல வாயத் தொறந்தா. நான் முந்திக்கினன். "சந்தேகமா இருந்தா குனிஞ்சி பாருங்க. ஒங்க மீச தெரியும்."

குனிஞ்சாரு மனுசன். பாத்தாரு. பாத்துக்கினே ஒரு பக்கம் மீசைய நீவி வுட்டுக்கினாரு. நிமுந்து, யாரும் பாத்தாங்களான்னு சுத்திப் பாத்தாரு. அப்புறம் மருமககிட்ட, "அடுத்த முகூர்த்தத்துக்கு பொண்ணழைப்பும் நீயே பாத்துக்கம்மா. இப்படியே வரணும்"னாரு.

அவ அங்க சிரிக்கல. தலையாட்டுனா, வண்டிய எடுத்தா, மண்டபத்துச் செவுரு தாண்டி, ரோட்டு ஓரமா நிறுத்தி, ஸ்டேரிங்கு மேல தலைய வச்சிக்கினு கொஞ்ச நேரம் இருந்தா. அது நிம்மதிதான். எனக்கு அதுல மட்டும் சந்தேகம் இல்ல.

வூட்டுக்கு வந்து நூல அறுத்து எடுத்தம். அடில ஒரு கற இல்ல, ஒரு பிசினு இல்ல. குனிஞ்சன், மூக்குத்தி அப்படியே இருந்துச்சி. அவ உள்ள போயி ஆணில மாட்டி இருந்த ஆஸ்டல் பைய எடுத்தாந்தா. மறுபடி ஓசூருக்கான்னு நெனச்சிட்டன். அதுக்குள்ள பாட்டில போட்டா, பாய் டப்பாவப் போட்டா, தொடைக்கற துணி எல்லாம் மடிச்சிப் போட்டா, வண்டி டிக்கில கொண்டு போயி வச்சிட்டா. அப்புறம் என் முன்னால கைய நீட்டிக்கினு நின்னா.

"என்னடி?"

"அந்த மெழுகுத் துண்டும் குடுங்க அத்த. நூலுக்கு வேணும்."

பாதிய ஒடச்சிக் குடுத்தன். முழுசாக் குடுத்தா அடுத்த கல்யாணத்துக்கு என்னைய வுட்டுட்டுப் போயிடுவாளே.